புரொய்டின் வழியில் மூன்று ஆசிரியர்கள்

ஆசிரியர் பயிற்சிக் கலாசாலையில் கற்று வெளியேறிய எவருக்கும் சிக்மன்ட் புரொய்டின் பெயர் புதிதல்ல. மனத்தின் மூன்று கூறுகள், வளர்ச்சியின் ஐந்து பருவங்கள் என்று எண்ணிட்டுப் பாடமாக்கிப் பரீட்சையில் எழுதிவிடலாம். ஆனால் வகுப்பில் மேசையைத் தள்ளிவிடும் பிள்ளையின் முன்னால் அந்தப் பட்டியல் கைகொடுப்பதில்லை. பிரம்புதான் முதலில் நினைவுக்கு வருகிறது. பட்டியலை விட்டு, அது உருவான வரலாற்றைப் பார்த்தால் வேறொரு செய்தி தெரியவரும். புரொய்டின் கோட்பாட்டைக் குழந்தைகளிடம் கொண்டுசென்று உரசிப் பார்த்தவர்களுள் முக்கியமான மூவர் ஆசிரியத் தொழிலிலிருந்து வந்தவர்களே.

புரொய்ட் 1856 இல், இன்றைய செக் நாட்டிலுள்ள ஒரு சிறிய ஊரில் பிறந்து, வியன்னாவில் வளர்ந்து, நரம்பு நோய் வைத்தியரானவர். உடலில் கோளாறு எதுவுமின்றிக் கை கால் இயங்காமற்போன நோயாளிகளின் பேச்சை அவர் செவிமடுத்தார். 1895 இல் புரொயருடன் இணைந்து வெளியிட்ட நூலும், 1900 ஆம் ஆண்டு திகதியிட்டு வெளிவந்த கனவுகள் பற்றிய நூலும் அவ்வாறு பிறந்தவை. நாம் அறியாத ஆசைகளும் அச்சங்களும் நனவிலி மனத்தில் கிடந்து நம்மை இயக்குகின்றன என்பது அவரது அடிப்படைக் கருத்து. அவற்றின் வேரைத் தேடியபோது அது குழந்தைப் பருவத்தில் போய் நின்றது. குழந்தையின் இன்ப நாட்டம் முதலில் வாயிலும், பின்னர் மலங்கழித்தலிலும், அதன்பின் பாலுறுப்பிலும் மையங்கொள்கிறது. பள்ளி வயதில் அடங்கிக் கிடந்து பூப்பெய்தும் காலத்தில் முதிர்கிறது என்று 1905 இல் தொடங்கிப் பல ஆண்டுகளாக அவர் விரித்துரைத்தார். ஒரு பருவத்தில் மிகையான ஏக்கமோ மிகையான செல்லமோ நேர்ந்தால் மனத்தின் ஒரு பகுதி அங்கேயே தங்கிவிடும் என்பது அவரது எண்ணம்.

1923 இல் அவர் மனத்தை மூன்றாகப் பிரித்தார். இட், ஈகோ, சுப்பர் ஈகோ என்று நாம் மனனமிட்ட சொற்கள் ஆங்கில மொழிபெயர்ப்பாளர்கள் இலத்தீனிலிருந்து எடுத்தவை. புரொய்ட் தம் ஜேர்மன் மொழியில் எழுதியவை சாதாரண வீட்டுச் சொற்கள்: 'அது', 'நான்', 'மேல்நான்'. உடனே வேண்டும் என்று கேட்பது 'அது'. கூடாது என்று தடுப்பது, பெற்றோரின் குரல் உள்ளே குடியேறியதால் உண்டான 'மேல்நான்'. இவை இரண்டுக்கும் வெளியுலகுக்கும் நடுவே நின்று திண்டாடுவது 'நான்'.

இதில் ஒரு பெரிய இடைவெளி இருந்தது. குழந்தையைப் பற்றிய இந்தக் கோட்பாடு பெரும்பாலும் வளர்ந்தவர்களின் நினைவுகளிலிருந்து கட்டப்பட்டது. 1909 இல் வெளிவந்த 'சிறுவன் ஹான்ஸ்' பற்றிய அறிக்கையில்கூட, குதிரை கடித்துவிடும் என்று அஞ்சிய ஐந்து வயதுப் பிள்ளைக்குச் சிகிச்சை நடத்தியவர் அவனது தந்தையே. சிகிச்சைக் காலத்தில் புரொய்ட் அவனை ஒரேயொரு தடவைதான் சந்தித்தார். குதிரை மீதான அச்சம் தந்தை மீதான அச்சமே என்பது அவர் கொண்ட முடிவு. 1922 இல் அதே ஹான்ஸ் வளர்ந்த இளைஞனாக அவரிடம் வந்தபோது, தன்னைப் பற்றிய அறிக்கையை வாசித்தும் எதுவும் நினைவுக்கு வரவில்லை என்றான்.

இந்த இடைவெளிக்குள் வந்த முதல் ஆசிரியர் ஓகுஸ்ட் ஐக்ஹோர்ன். வியன்னாவில் பாடசாலை ஆசிரியராக இருந்த இவர், முதலாம் உலகப் போர் முடிந்த 1918 இல், நெறிதவறிய சிறுவர்களுக்கான இல்லமொன்றைப் பொறுப்பேற்றார். எவராலும் அடக்க முடியாத பன்னிரண்டு சிறுவர்களை ஒரு குழுவாக்கி, அவர்களை அடிக்கவோ தண்டிக்கவோ கூடாது என்று பணியாளர்களுக்குக் கட்டளையிட்டார். பிள்ளைகள் தளபாடங்களை உடைத்தார்கள், கண்ணாடிகளை நொறுக்கினார்கள். எதிர்த்து அடிக்க எவரும் வராததால் அந்த மூர்க்கம் உச்சத்துக்குப் போய், அழுகையாக உடைந்து, மெல்ல அடங்கியது. பிறகு பணியாளர்களோடு பாசம் ஏற்பட்டது. சிறுவயதில் கிடைக்காத அன்பின் பசியே அவர்களது மூர்க்கம் என்றும், ஒழுக்கம் புதிய உறவொன்றின் வழியாகவே உள்ளே குடியேற முடியும் என்றும் ஐக்ஹோர்ன் விளக்கினார். 1925 இல் வெளிவந்த அவரது நூலுக்கு முன்னுரை வழங்கிய புரொய்ட், கற்பித்தல், குணப்படுத்தல், ஆட்சி செய்தல் ஆகிய மூன்றையும் நிறைவேற்ற முடியாத தொழில்கள் எனக் கூறும் பழைய வாக்கொன்றை அதில் நினைவூட்டினார்.

இரண்டாமவர் புரொய்டின் கடைசி மகள் அன்னா. 1895 இல் பிறந்த இவர் உளப்பகுப்பாளராகுமுன் 1920 வரை வியன்னாவில் ஆசிரியையாகப் பணியாற்றினார். 1936 இல் வெளியான அவரது நூல் 'நான்' தன்னைக் காத்துக்கொள்ளும் உபாயங்களை ஆராய்கிறது. அதில் ஐக்ஹோர்ன் கண்ட சம்பவமொன்று உள்ளது. ஆசிரியர் ஏசும்போதெல்லாம் ஒரு மாணவன் முகத்தைக் கோணிக் காட்டுவான், வகுப்பே சிரிக்கும். கேலி செய்கிறான் என்பதே முறைப்பாடு. இருவரையும் ஒன்றாக இருத்திக் கவனித்த ஐக்ஹோர்ன் உண்மையைக் கண்டுகொண்டார். பிள்ளையின் முகக்கோணல் ஆசிரியரின் கோப முகத்தின் பிரதியாக இருந்தது. அச்சம் தாங்காமல் அச்சுறுத்துபவரின் முகத்தையே அவன் தன்னையறியாது அணிந்துகொண்டான். தாக்குபவரோடு தன்னை ஒன்றாக்கிக் கொள்ளல் என்று அன்னா இதற்குப் பெயரிட்டார்.

1938 மார்ச்சில் நாஜிகள் வியன்னாவுக்குள் நுழைந்தனர். அன்னா கெஸ்டாப்போவினரால் விசாரிக்கப்பட்டார். ஜூன் மாதம் குடும்பம் இலண்டனில் தஞ்சமடைந்தது. மறு ஆண்டு செப்டெம்பரில் புரொய்ட் காலமானார். 1941 இல் அன்னாவும் டொரதி பர்லிங்காமும் இலண்டன் ஹம்ஸ்டெட்டில் போர்க்காலக் குழந்தைகள் இல்லத்தைத் தொடங்கினர். குண்டுவீச்சைவிடத் தாயைப் பிரிவதே பிஞ்சு மனங்களை அதிகம் உலுக்குகிறது என்பது அங்கு தெரியவந்தது. உடனே பிள்ளைகளைச் சிறுசிறு 'குடும்பங்களாக'ப் பிரித்து, ஒவ்வொன்றுக்கும் தாயின் இடத்தில் ஒரு பணியாளரை நிறுத்தினர்.

போர் முடிந்ததும், 1945 இல், தெரேசின் நாஜி முகாமிலிருந்து மீண்ட ஆறு குழந்தைகள் இங்கிலாந்துக்குக் கொண்டுவரப்பட்டனர். வயது மூன்று, நான்கு. பெற்றோரைக் கொன்றிருந்தார்கள். வந்த நாட்களில் அவர்கள் விளையாட்டுப் பொருட்களை உடைத்தார்கள், பெரியவர்களைக் கடித்தார்கள். ஆனால் தமக்குள் ஒருவரையொருவர் கணமும் பிரியவில்லை. ஒருவருக்கு உணவு வைத்தால் மற்றவருக்குக் கிடைத்ததா என்றே பார்த்தார்கள். தாயில்லை, தந்தையில்லை, புரொய்டின் பருவங்களுக்குத் தேவையான குடும்பமே இல்லை. ஆயினும் அன்பு செலுத்தும் ஆற்றல் அழிந்துவிடவில்லை. ஒருவரையொருவர் பற்றிக்கொண்டு அது உயிர் பிழைத்திருந்தது. 1951 இல் அன்னாவும், அக்குழந்தைகளைப் பராமரித்த சோஃபி டானும் இதை எழுதி வெளியிட்டனர்.

மூன்றாமவர் எரிக் எரிக்சன். ஊர் ஊராய் அலைந்த ஓவியரான இவர், 1927 இல் வியன்னாவில் அன்னாவின் வட்டத்தினர் நடத்திய சிறிய பாடசாலைக்கு ஆசிரியராக வந்து, அன்னாவிடமே உளப்பகுப்பு பயின்றார். 1933 இல் அமெரிக்கா சென்றார். 1950 இல் வெளியிட்ட நூலில் மனித வாழ்வை எட்டுக் கட்டங்களாக்கி, அவற்றை உடலுறுப்புகளோடு மட்டுமன்றி உறவுகளோடும் சமூகத்தோடும் இணைத்தார். முதற்கட்டத்தில் குழந்தை உலகை நம்பலாமா கூடாதா என்று கற்கிறது. புரொய்ட் அடங்கிக் கிடக்கும் காலம் என்று விட்டுச்சென்ற பள்ளி வயதை எரிக்சன் முக்கியமாக்கினார். 'என்னால் செய்ய முடியும்' என்ற எண்ணமோ, 'நான் எதற்கும் உதவாதவன்' என்ற தாழ்வுணர்வோ வேர்கொள்வது அந்த வயதில்தான்.

இன்று புரொய்டின் ஐந்து பருவங்களை அவர் சொன்னபடியே ஏற்கும் உளவியலாளர் குறைவு. பெண்கள் பற்றிய அவரது கருத்துகள் கடுமையான கண்டனத்துக்குள்ளாயின. பரிசோதனைக்கு உட்படுத்த முடியாதவை பல. எனினும் ஆரம்ப உறவுகள் ஆளுமையை உருவாக்குகின்றன என்ற கருத்து நிலைத்திருக்கிறது. தாயைப் பிரிந்த குழந்தைகள் குறித்து ஜோன் போல்பி 1951 இல் உலக சுகாதார நிறுவனத்துக்கு அளித்த அறிக்கையும் பின்னைய ஆய்வுகளும் அதனை வலுப்படுத்தின.

ஆகவே கலாசாலையில் நாம் பெற்ற அந்தப் பட்டியலை மறந்தாலும் பெரிய நட்டமில்லை. மறக்கக் கூடாதது அந்த மாணவனின் கோணல் முகம். முகத்தைக் கோணும் பிள்ளையைத் தண்டிக்க முன்னர், அது யாருடைய முகம் என்று ஒரு கணம் பார்க்கச் சொல்கிறது இந்த வரலாறு. சில வேளை அது அவன் வீட்டிலிருந்து வந்திருக்கலாம். சில வேளை அது கரும்பலகைக்கு முன்னால் நிற்பவருடையதாகவும் இருக்கலாம்.