ஊடக எழுத்தறிவுக் கல்வி

கைப்பேசியில் வந்து விழும் செய்தி, படம், காணொளி ஆகியவற்றை நம்பும் முன்னும் பிறருக்கு அனுப்பும் முன்னும் சோதித்துப் பார்க்கப் பழக்குவது ஊடக எழுத்தறிவுக் கல்வி. யார் சொன்னது, எப்போது எடுத்த படம், வேறு எங்கே இந்தச் செய்தி வந்திருக்கிறது என்ற கேள்விகளே இதன் அரிச்சுவடி. 2018இல் பிள்ளை பிடிப்பவர்கள் பற்றிய வாட்ஸ்அப் வதந்தியால் தமிழ்நாடு உட்பட இந்தியாவின் பல மாநிலங்களில் அப்பாவிகள் அடித்துக் கொல்லப்பட்டனர். அதன் பிறகே இந்தக் கல்வியின் அவசரம் இங்கே பரவலாக உணரப்பட்டது.

அரசுப் பள்ளிகளில் நடந்த முன்னோடி முயற்சிகளில் ஒன்று கேரளத்தின் கண்ணூர் மாவட்டத்தினுடையது. தட்டம்மை-ரூபெல்லா தடுப்பூசி பற்றி 2017இல் கிளம்பிய வதந்திகளை நம்பிப் பெற்றோர் பலர் பிள்ளைகளுக்கு ஊசி போடத் தயங்கினர். மறு ஆண்டு நிபா வைரஸ் பரவியபோது, கோழிக்கறிதான் காரணம் என்ற பொய் சுற்றியது. அந்த ஆண்டே மாவட்ட ஆட்சியர் மீர் முகமது அலி ‘சத்தியமேவ ஜெயதே’ திட்டத்தைத் தொடங்கினார். முதலில் ஆசிரியர்கள் பயிற்சி பெற்றனர். பிறகு சுமார் 150 பள்ளிகளில் பாடம் நடந்தது. பரபரப்பான தலைப்பு எப்படி இழுக்கிறது, நமக்குப் பிடித்த கருத்தே ஏன் திரும்பத் திரும்பக் கண்ணில் படுகிறது என்பதெல்லாம் பாடத்தில் இருந்தன. பின்னாளில் இதே பெயரில் கேரள அரசு மாநிலம் தழுவிய பயிற்சியை நடத்தியது.

இக்கல்வி பலன் தருமா என்பதற்குப் பீகார் ஆய்வுகள் இரண்டு தெளிவான சான்று தருகின்றன. 2019 மக்களவைத் தேர்தலையொட்டி ஆய்வாளர் சுமித்ரா பத்ரிநாதன் 1,224 பேரிடம் நடத்திய ஆய்வில், வீடு தேடிச் சென்று ஏறக்குறைய ஒரு மணி நேரம் பயிற்சி தரப்பட்டது. படத்தை வைத்தே இணையத்தில் தேடும் முறைகூடக் கற்பிக்கப்பட்டது. ஒட்டுமொத்தத்தில் குறிப்பிடத்தக்க மாற்றமில்லை. கட்சிப் பற்று பயிற்சியை மீறி நின்றது.

பின்னர் அவரும் சக ஆய்வாளர்களும் 583 கிராமங்களில் 13,500க்கும் மேற்பட்ட பதின்வயது மாணவர்களுடன் பெரிய ஆய்வொன்றை நடத்தினர். கிராம நூலகங்களில் 14 வாரங்களில் நான்கு வகுப்புகள். இம்முறை மாணவர்கள் மெய்யையும் பொய்யையும் பிரித்தறிவதில் தேறினர். அத்திறன் மாதங்கள் கழித்தும் நிலைத்தது. பெற்றோரிடமும் அதன் தாக்கம் தெரிந்தது. தேர்தல் நேரத்து ஒருநாள் முகாம் இந்த வேலையைச் செய்யாது. பள்ளிக் கால அட்டவணையிலேயே இதற்குப் பாடவேளை வேண்டும்.