குகைக்குள் கற்ற ஆங்கிலம்

பன்னிரண்டாம் வகுப்பு வரை நான் தமிழ் மீடியம். 1998இல் பி.இ. சேர்ந்தபோது புத்தகத்தைப் படிச்சா ஓரளவு புரியும், வாயைத் திறந்தா ஆங்கிலம் வராது. எழுப்பிக் கேள்வி கேட்டுடுவாங்களோன்னு கடைசி வரிசையில் தலையைக் குனிஞ்சு உட்கார்ந்திருப்பேன். அந்தப் பயத்தை முதலில் குறைத்தது ஆசிரியரோ ஸ்போக்கன் இங்கிலீஷ் கிளாஸோ இல்லை. கல்லூரி லேபில், லினக்ஸ் போட்ட ஒரு கம்ப்யூட்டரில் கிடந்த, படமே இல்லாத ஒரு கேம். பெயர் 'அட்வென்ச்சர்'.

அதை எழுதியவர் வில் கிரவுத்தர். இணையத்துக்கு முன்னோடியான ஆர்பாநெட்டுக்கு மென்பொருள் எழுதிய அமெரிக்கப் புரோகிராமர்களில் ஒருவர். குகை ஆய்வு அவருக்குப் பெரிய ஈடுபாடு. கென்டக்கியில் உள்ள மாமத் குகையை மனைவியோடு சேர்ந்து அளந்து வரைபடம் போட்டவர். விவாகரத்துக்குப் பிறகு, தன் மகள்கள் விளையாடுவதற்காக அந்தக் குகையையே ஒரு புரோகிராமாக எழுதினார். 1976 வாக்கில், பிடிபி-10 கம்ப்யூட்டரில், ஃபோர்ட்ரான் மொழியில். கம்ப்யூட்டர் தெரியாதவங்களும் மிரளக்கூடாது என்பதற்காக, சாதாரண ஆங்கிலச் சொற்களிலேயே கட்டளை கொடுக்கும்படி வைத்தார். 1977இல் ஸ்டான்ஃபோர்டில் இருந்த டான் வுட்ஸ் அதை இன்னும் பெரிதாக்கினார்.

கட்டளைக்கு அதிகபட்சம் இரண்டு சொல். ஒரு வினை, ஒரு பெயர். 'கெட் லேம்ப்' என்று அடித்தால் விளக்கு கைக்கு வந்துடும். ஒவ்வொரு சொல்லிலும் முதல் ஐந்து எழுத்தை மட்டும்தான் அது பார்க்கும். காரணம் ரொம்ப எளிது. பிடிபி-10இன் ஒரு வேர்டு 36 பிட்; 7 பிட் எழுத்து அதில் ஐந்துதான் அடங்கும். வன்பொருளின் அந்தச் சிக்கனம் என்னை மாதிரி ஆளுக்கு வரமாக அமைந்தது. ஸ்பெல்லிங்கின் வால் தப்பிப் போனாலும் வேலை நடக்கும். தப்பே செய்தாலும் கம்ப்யூட்டர் சிரிக்காது.

குகைக்குள் ஒரு மண்டபத்தில் பெரிய பச்சைப் பாம்பு வழியை மறிச்சிருக்கும். 'கில்' என்று அடிச்சுப் பார்த்தேன், நடக்கலை. முன்னாடி கூண்டில் பிடித்த ஒரு சின்னப் பறவை என்னிடம் இருந்தது. அதைத் திறந்துவிட்டா என்ன? ஆனா, திறந்துவிடுன்னு ஆங்கிலத்தில் எப்படிச் சொல்றது? ஹாஸ்டல் ரூமில் லிஃப்கோ அகராதியைப் புரட்டி, மறுநாள் 'ரிலீஸ்' என்று அடிச்சேன். பறவை பாய்ந்து பாம்பை விரட்டிடுச்சு. இப்போ மாசம் ஒரு சாஃப்ட்வேர் ரிலீஸ் பண்றேன். இன்னும் அந்தப் பாம்பு ஞாபகம் வரும். சொன்னதும் ஏதோ ஒன்று நடந்தால், அந்தச் சொல் மறக்காது.

இதுவரை நல்ல கதைதான். ஆனா பயத்தைக் குறைத்த அதே கேம் ஒரு பழக்கத்தையும் ஒட்டவைத்தது. வேலைக்குச் சேர்ந்த முதல் வருஷம், ஒரு சீனியர் என்னைத் தனியாகக் கூப்பிட்டுக் கேட்டார்: "தமிழ்ல அவ்வளவு மரியாதையாப் பேசறே, இங்கிலீஷ்ல மட்டும் ஏன்ப்பா எல்லாரையும் அதட்டறே?" யோசித்தால், அவர் சொன்னது சரி. 'கிவ் ஃபைல்', 'செண்ட் ரிப்போர்ட்' என்றுதான் பேசிக்கொண்டிருந்தேன். தமிழில் 'கொடு' என்பதோடு 'ங்க' சேர்த்தால் மரியாதை வந்துடும். ஆங்கிலத்தில் அதற்கு வாக்கியத்தையே மாற்றணும். அட்வென்ச்சரில் அதற்கு அவசியமே வரவில்லை. விளக்குக்கு எதுக்கு மரியாதை?

ஆகவே, கேம் விளையாடினா மொழி வருமா என்று மட்டும் கேட்டால் போதாது. அந்த மொழியை வைத்து நம்மை என்ன செய்ய வைக்கிறது என்றும் கேட்கணும். அதைப் பொறுத்து நாம் யோசிக்கும் விதமும் மாறுது.

இதை யோசித்தவர்கள் அப்போதே இருந்தார்கள். 1980களில் எம்.ஐ.டி.யில் (நம்ம குரோம்பேட்டை இல்லை, பாஸ்டன் பக்கத்தில் இருப்பது) ழில்பெர்த் ஃபுர்ஸ்டென்பெர்க் குழு, பிரெஞ்சு படிக்கும் மாணவர்களுக்காக வீடியோ டிஸ்க்கில் ஒரு கதை விளையாட்டைச் செய்தது. பாரிஸில் ஃபிலிப் என்ற பத்திரிகையாளனைக் காதலி வீட்டைவிட்டு அனுப்பிவிடுகிறாள். அவனுக்கு மாணவர்தான் வீடு தேடித் தரணும். வாடகை விளம்பரம் படிக்கணும், டெலிபோனில் வந்த தகவலைக் காதால் கேட்டே புரிஞ்சுக்கணும். இங்கே மொழி ஒருத்தனுக்கு உதவுகிற கருவி.

இப்போ என் பன்னிரண்டு வயது மகள் விளையாடுவது 'சான்ட்ஸ் ஆஃப் சென்னார்'. பிரான்ஸின் துலூஸ் நகரில் உள்ள ரன்டிஸ்க் உருவாக்கியது, 2023இல் வந்தது. பாபேல் கதை மாதிரி ஒரு கோபுரம். ஒவ்வொரு அடுக்கிலும் ஒரு மக்கள், அவர்களுக்கென்று ஓர் எழுத்து. சுவரோவியம், சைகை, அறிவிப்புப் பலகை பார்த்துப் பொருளை ஊகிக்கணும்.

"அப்பா, இவங்க சொல்லை ரெண்டு தடவை எழுதினா பன்மைப்பா!"

"நாமும் 'பெரிய பெரிய வீடு'ன்னா ஒரு வீட்டையா சொல்றோம்?"

கொஞ்ச நேரம் யோசிச்சுட்டு, "அட, ஆமா" என்றாள். வேறோர் அடுக்கின் மொழியில் செயப்படுபொருள் முதலில் வரும். அதற்கு அவள் அசரவே இல்லை. பிறகு ஒரு மக்கள் பேசுவதை இன்னொரு மக்களுக்கு மொழிபெயர்க்கும் கட்டம் வந்தது. கை நின்றது. "தப்பா சொல்லிட்டா, அவங்க என்னப்பா நினைப்பாங்க?" எனக்கு அந்தக் காலத்தில் இருந்த கவலை, என்னைப் பார்த்துச் சிரிப்பாங்களோ என்பதுதான்.

போன வாரம் அட்வென்ச்சரை என் லேப்டாப்பில் அவளுக்குப் போட்டுக் கொடுத்தேன். முதல் கட்டளையையே 'ப்ளீஸ்' என்று ஆரம்பித்தாள். புரோகிராமுக்குப் புரியவில்லை. அந்தச் சொல்லை அழிச்சுட்டு அடின்னு நான்தான் சொல்லிக் கொடுத்தேன்.