சிக்கு, சீயக்காய், சீப்பு

காற்றில் ஈரம் ஏறினால் தலைமுடி நீளும். ஈரம் இறங்கினால் சுருங்கும். முற்றிலும் உலர்ந்த காற்றிலிருந்து முற்றிலும் ஈரமான காற்றுக்குப் போகும் முடி, தன் நீளத்தில் ஏறக்குறைய 2 முதல் 2.5 விழுக்காடு வரை கூடுகிறது. ஜெனீவாவைச் சேர்ந்த ஒராஸ் பெனெடிக்ட் டி சொசூர் இந்தக் குணத்தைப் பிடித்துக்கொண்டு ஈரமானி ஒன்றைச் செய்தார். அதைப் பற்றிய நூலை 1783-இல் வெளியிட்டார். இழுத்துக் கட்டிய மனித முடிதான் அந்தக் கருவியில் முள்ளை நகர்த்தியது. அந்த முடியை அவர் முதலில் சோடா உப்பு கலந்த நீரில் கொதிக்க வைத்து எண்ணெய்ப் பசையைப் போக்கினார். பசை இருந்தால் முடி காற்றின் ஈரத்துக்கு உடனே அசைந்து கொடுக்காது என்பதே காரணம். தமிழ்நாட்டுக் கடலோரத்தில் இதற்கு நேரெதிரான தேவை இருந்தது. முடி காற்றுக்கு அசையக் கூடாது. அதனால் இங்கே தலைக்கு எண்ணெய் ஏறியது.

அடர்ந்த கோரை முடிக்காரர்களுக்கு இந்தத் தொல்லை அவ்வளவாகத் தெரியாது. மெல்லிய நெளிமுடிதான் மாட்டிக்கொள்ளும். ஓர் இழையின் விட்டம் பாதியானால், வளைவை எதிர்க்கும் அதன் வலு பாதியாவதில்லை, 16-இல் ஒரு பங்காகக் குறைந்துவிடுகிறது. ஆகவே மெல்லிய முடி எந்தப் பக்கம் தள்ளினாலும் சாயும். இழைகளுக்குள் இருக்கும் புரதச் சங்கிலிகளை ஹைட்ரஜன் பிணைப்புகள் கட்டி வைத்திருக்கின்றன. தண்ணீர் புகுந்ததும் அவை அவிழ்ந்து வேறு வடிவில் மறுபடி கட்டிக்கொள்ளும். நேரான முடியாக இருந்தால் எல்லா இழையும் ஒரே போக்கில் படுத்துவிடும். நெளிமுடியில் ஒவ்வொரு இழைக்கும் ஒவ்வொரு வளைவு. அவை ஒன்றை ஒன்று தள்ளிக்கொண்டு மேலெழும். வீட்டுப் பேச்சில் முடி ‘சிலும்பிக்கொண்டு நிற்கிறது’ என்பது இதைத்தான். சிலும்பிய இழைகள் உராயும்போது மேல்தோலின் செதில்கள் பக்கத்து இழையைக் கொக்கிபோல் பற்றிக்கொள்ள, சிக்கு விழுகிறது. ஐப்பசி, கார்த்திகை மாதங்களில் சென்னை, நாகப்பட்டினம் பக்கங்களில் காலைக் காற்றின் ஈரப்பதம் 80 விழுக்காட்டைத் தாண்டுவது வழக்கம். சிக்குக்கு அதைவிடத் தோதான பருவம் இல்லை.

இதற்கான சொற்கள் தமிழில் நிறையவே உண்டு. நூலுக்கும் முடிக்கும் பொதுவானது சிக்கு; அதன் முற்றிய நிலை சிடுக்கு. எண்ணெய் காணாத தலை பரட்டை. சடை என்ற சொல் விந்தையானது. வாராமல் விட்டுத் திரண்டுபோன சிவனின் முடியும் சடை. மூன்று கால் பிரித்து ஒழுங்காகப் பின்னிய பள்ளிக்கூடச் சிறுமியின் பின்னலும் சடை. தானாகப் பின்னிக்கொள்வதற்கும் கையால் பின்னுவதற்கும் ஒரே பெயர் போதும் என்று மொழி நினைத்திருக்கிறது போலும்.

இலக்கியத்தில் இதன் தடங்கள் மிகப் பழையவை. குறுந்தொகையின் 113-ஆம் பாட்டில் தலைவியும் தோழியும் கூந்தலுக்கு எருமண் எடுத்துவரக் காட்டாற்றுப் பக்கம் போவதாகச் செய்தி வருகிறது. தலைவனுக்குச் சந்திக்கும் இடத்தைச் சொல்லும் குறிப்பு அது. ஆனாலும் கூந்தல் அழுக்கைக் களிமண் கொண்டு போக்கும் வழக்கம் அன்று ஊரறிந்த ஒன்றாக இல்லாவிட்டால் அந்தச் சாக்கு எடுபட்டிருக்காது. நக்கீரரின் நெடுநல்வாடை இன்னும் அருகில் வருகிறது. வாடைக் காலத்தில் பெண்கள் மாலை சூடுவதை விட்டுச் சில பூக்களை மட்டும் வைத்துக்கொள்கிறார்கள். தகர விறகில் நெருப்பு மூட்டி அகிலும் அயிரும் இட்டுப் புகைக்கிறார்கள். மழையும் பனியும் பிடித்த நாளில் ஈரப் பூவைத் தலையில் சுமப்பதைக் குறைத்து உலர்ந்த புகையை நாடியது அழகுக்கு மட்டும் என்று கொள்ள வேண்டியதில்லை.

எல்லாவற்றிலும் விரிவானது சிலப்பதிகாரத்தின் கடலாடு காதை. ஊடியிருந்த கோவலனை மகிழ்விக்க மாதவி நீராடும் இடம். பத்து வகைத் துவர், ஐந்து வகை விரை, முப்பத்திரண்டு வகை ஓமாலிகை ஆகியவை ஊறிய நீரில், வாசநெய் பூசிய கூந்தலை அலசி, புகையில் உலர்த்தி, வகை வகையாகப் பிரித்துக் கத்தூரிக் குழம்பு ஊட்டுகிறாள். பத்துத் துவர் எவை என்பதற்கு உரைவழி வந்த பட்டியலில் பூவந்தி, திரிபலை, கருங்காலி, நாவல், நாற்பால் மரம் ஆகியவை சேர்கின்றன. பூவந்தி என்ற பெயருக்கு உரியது இன்று நாட்டு மருந்துக் கடையில் பூந்திக்கொட்டை என்று கேட்டால் கிடைக்கும் நுரைக்காய். வாசனைச் சரக்குகளின் எண்ணிக்கையைக் கண்டு மலைக்கும் வாசகர்கள் பெரும்பாலும் வரிசையைக் கவனிப்பதில்லை. நெய், துவர், புகை, பிறகு வகிர்ந்து குழம்பு. பிற்காலத்துத் தமிழ் வீடுகளில் நடந்த தலைமுழுக்கின் வரிசையும் இதுவேதான். மாதவியின் கத்தூரி சாதாரண வீட்டுக்குக் கட்டுப்படியாகாது. வரிசை எல்லோருக்கும் கட்டுப்படியானது.

அந்த வரிசையில் முதலாவது எண்ணெய். ஆண்களுக்குப் புதனும் சனியும், பெண்களுக்குச் செவ்வாயும் வெள்ளியும் என்று நாள் குறித்து வைத்தார்கள். சித்த மருத்துவத்தில் தேரையர் பெயரில் வழங்கும் நோயணுகா விதி நான்கு நாளுக்கு ஒருமுறை எண்ணெய் முழுக்கை விதிக்கிறது. முழுக்குக்கு நல்லெண்ணெய், அன்றாடம் தடவ, குறிப்பாகத் தென்கரையிலும் யாழ்ப்பாணத்திலும், தேங்காய் எண்ணெய். தேங்காய் எண்ணெய் பற்றி 2003-இல் வெளியான ஓர் ஆய்வு, சூரியகாந்தி எண்ணெயோடும் கனிம எண்ணெயோடும் ஒப்பிட்டு, கழுவும்போது முடி இழக்கும் புரதத்தைத் தேங்காய் எண்ணெய் மட்டுமே குறிப்பிடும்படியாகக் குறைக்கிறது என்று கண்டது. அதன் லாரிக் அமிலம் நேரான, சிறிய மூலக்கூறாக இருப்பதால் இழைக்குள்ளேயே புகுந்துவிடுகிறது என்பது விளக்கம். உள்ளே எண்ணெய் இருக்கும் இழை குறைவாக ஊறும், குறைவாகச் சிலும்பும். ஆனால் மெல்லிய முடிக்கு இதில் ஒரு சங்கடம் உண்டு. கொஞ்சம் கூடினாலும் முடி மண்டையோடு ஒட்டிக்கொண்டு எலிவால் ஆகிவிடும். ‘எண்ணெய் வழிகிறது’ என்ற கேலிக்கு முன்னால் நின்றவர்கள் பெரும்பாலும் மெல்லிய முடிக்காரர்கள்தான். முழுக்கு அவர்களுக்குப் பொருந்தியதற்குக் காரணம், எண்ணெயை ஊறவிட்டு உடனே கழுவி எடுத்துவிடுவது.

கழுவியது எதனால் என்பதில்தான் கைப்பக்குவம். சீயக்காய் மலையடிவாரக் காடுகளில் படரும் முள்கொடியின் காய். சிகைக்காய் என்ற பெயரே அதன் வேலையைச் சொல்லும். கொங்குநாட்டில் உசிலை மர இலையை உலர்த்தி இடித்த அரப்பு. சீயக்காயில் நுரை தரும் சபோனின் உண்டு. கரைசல் லேசான புளிப்புத் தன்மை உடையது. புளிப்பு நீரில் முடியின் செதில்கள் படியும். கார நீரில் விரியும். சீயக்காயைத் தனியே வெந்நீரில் கரைத்தால் தலையில் வறவறவென்று நிற்கும் என்பதால் வடிகஞ்சியில் குழைப்பார்கள். அரைக்கும்போதே வெந்தயமும் பாசிப்பயறும் பூலாங்கிழங்கும் சேர்வது உண்டு. செம்பருத்தி இலையைக் கசக்கிப் பிழிந்த கொழகொழப்பான சாற்றைக் கடைசியில் ஊற்றுவதும் உண்டு. வெந்தயத்தின் வழவழப்பும் கஞ்சியின் மாவும் இழைகள் மேல் மெல்லிய படலமாகப் படிந்து, ஒன்றின் மேல் ஒன்று வழுக்கிப் போக விடுகின்றன. பிற்காலத்துத் தொழிற்சாலைகள் கண்டிஷனர் என்று தனிப் புட்டியில் அடைத்த வேலையை இந்தக் கஞ்சிப்பானை ஒரே முழுக்கில் முடித்துவிட்டது. கண்ணில் பட்டால் எரிச்சல் என்ற குற்றச்சாட்டை மட்டும் சீயக்காயால் கடைசி வரை மறுக்க முடியவில்லை. குழந்தைகள் தலைமுழுக்கு நாளில் ஓடி ஒளிந்ததும் அதனால்தான்.

உலர்த்துவது தனிக் கலை. நனைந்த முடி வலு குறைந்தது. இழுத்தால் ரப்பர்போல் நீண்டு, பிறகு அறும். ஈரத் தலையைச் சீவக் கூடாது என்று பாட்டிகள் கண்டித்ததில் மூடநம்பிக்கை எதுவும் இல்லை. மெல்லிய பருத்தித் துண்டால் தலையைச் சுற்றி முறுக்கி, நீர் இறங்கியதும் விரல்களால் கோதி, நுனியில் மட்டும் ஒரு முடிச்சுப் போட்டு முதுகில் விரித்துவிடுவார்கள். மழை நாளில் அது உலராது. அப்போது மண் தூபக்காலில் கங்கு எடுத்துச் சாம்பிராணித் தூள் தூவி, அதன் மேல் இடைவெளி விட்டு முடைந்த மூங்கில் கூடையைக் கவிழ்ப்பார்கள். குளித்தவள் பக்கத்தில் சாய்ந்துகொள்ள, கூடையின் மேல் கூந்தல் பரப்பப்படும். கூடைக் கண்கள் வழியே வெள்ளைப் புகை கசிந்து முடிக்குள் ஏறும்போது, ஈரத்தின் வாடையும் பிசின் மணமும் கலந்து அறை முழுக்க நிற்கும். கங்கின் வெப்பம் ஈரத்தை வாங்கிக்கொள்ளும். காற்றை வேகமாக வீசி முடியைக் கலைக்காத உலர்த்தி என்ற வகையில் அதைக் குறை சொல்ல இடமில்லை. பிள்ளை பெற்றவளுக்கும் கைக்குழந்தைக்கும் இது கட்டாயமாகவே செய்யப்பட்டது.

அதன் பிறகுதான் சீப்பு. கீழடி அகழாய்வில் கிடைத்த பொருள்களில் யானைத் தந்தச் சீப்பும் ஒன்று. மரமும் கொம்பும் நெடுங்காலம் சீப்புக்குப் பயன்பட்டன. செல்லுலாய்டும் பிளாஸ்டிக்கும் வந்தபின் அவை ஒதுங்கின. சிக்கை வாங்க அகலப் பல் கொண்டது முதலில், இருபுறமும் நெருக்கமான பல் கொண்ட பேன்சீப்பு கடைசியில். சிக்குவாரி, ஈருளி என்ற பெயர்கள் அகராதியில் இருக்கின்றன. வீட்டில் அவற்றைக் கேட்பது அரிது. வகிடு எடுக்க முள்ளம்பன்றி முள் உதவியது. சீமந்தச் சடங்கில் கணவன் மனைவிக்கு அந்த முள்ளால் வகிடு எடுப்பது அதன் எச்சம். சீமந்தம் என்ற சொல்லுக்கே வகிடு என்றுதான் பொருள். சிக்கெடுப்பதற்கு எழுதாத விதி ஒன்று உண்டு. நுனியில் தொடங்கி மேலே ஏற வேண்டும், கையால் நடுமுடியை இறுகப் பிடித்துக்கொண்டால் இழுப்பு வேருக்குப் போகாது. உச்சியிலிருந்து ஒரே வாராக வாருகிறவர்கள் சிறு சிக்குகளை எல்லாம் கீழே தள்ளிக் கழுத்தருகே ஒரே பெருஞ்சிக்காக ஆக்கிவிடுவார்கள்.

சிக்கெடுத்த முடியை அப்படியே விட்டால் அரை மணியில் பழைய கதை. ஆகவே பின்னல். இழைகளை மூன்று காலாகக் கட்டிவிட்டால் அவற்றுக்குத் தனித்தனியே நெளிய இடமில்லை. இரட்டைச் சடை போட்டு மடித்து ரிப்பன் கட்டும் பள்ளி வழக்கம் ஒழுக்கத்தின் பெயரால் நிலைத்தது. கடற்கரை ஊரில் மெல்லிய முடியோடு நாள் முழுவதும் கழிக்க அதைவிட நல்ல ஏற்பாடு இல்லை என்பதும் உண்மை.

இந்த வரிசையைக் கலைத்தது ஷாம்பு. சொல் இந்தியச் சொல்தான்: பிடித்துவிடுவதைக் குறிக்கும் சாம்போ என்ற இந்திச் சொல்லின் வழி வந்தது. பாட்னாவில் பிறந்த சேக் தீன் முகமது 19-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் பிரைட்டன் நகரில் நடத்திய நீராவிக் குளியலும் பிடித்துவிடலும் அதை ஆங்கிலத்தில் பரப்பின. பெர்லினில் ஹான்ஸ் ஷ்வார்ஸ்கோஃப் 1903-இல் தலைக்குப் போடும் தூளை விற்றார். 1927-இல் அது திரவமாயிற்று. தமிழ்நாட்டில் புட்டி ஷாம்பு நெடுங்காலம் வசதி படைத்தவர்களின் பொருளாகவே இருந்தது. கடலூரைச் சேர்ந்த சின்னி கிருஷ்ணன் அதைச் சிறு பாக்கெட்டில் அடைத்து வெல்வெட் என்ற பெயரில் கொண்டுவந்தார். அவருடைய மகன் சி.கே. ரங்கநாதன் 1983-இல் 15,000 ரூபாய் முதலோடு தனியே தொழில் தொடங்கி, தந்தையின் பெயரை நினைவூட்டும் ‘சிக்’ ஷாம்புவை விற்றார். தமிழ்க் காதில் சிக்கு என்றே விழும் பெயரோடு ஒரு ஷாம்பு பட்டிதொட்டி எங்கும் விலைபோனது வணிக வரலாற்றின் வேடிக்கைகளுள் ஒன்று. அதே நிறுவனம் பின்னாளில் மீரா என்ற பெயரில் சீயக்காய்த் தூளும் விற்றது.

ஷாம்பு எண்ணெயைச் சீயக்காயைவிடக் கடுமையாக எடுத்துவிடும். அதில் கஞ்சி இல்லை. சொசூர் தம் கருவிக்காக முடியைப் பக்குவப்படுத்தியதுபோல, தலை முழுவதும் ஈரமானியாகத் தயாராகிவிடுகிறது. வாரத்தில் ஓரிரு முறை இருந்த முழுக்கு நாள்தோறும் என்றானபோது தொல்லை பெருகியது. மேலைநாட்டு நிறுவனங்கள் அதைக் கண்டு சிலிக்கோன் எண்ணெயைத் துணை சேர்த்தன. கழுவுவதும் வழவழப்பாக்குவதும் ஒன்றேயான பெர்ட் பிளஸ் 1987-இல் அமெரிக்காவில் வந்தது. இப்போது ஷாம்பு, கண்டிஷனர், சீரம் என்று அடுத்தடுத்து விற்பவை பழைய வரிசையின் எடுத்த கண்ணிகளை ஒவ்வொன்றாக, தனித்தனி விலைக்கு, திரும்ப வைப்பவைதான்.

சீப்பில் வந்த முடிக்கும் ஒரு சந்தை உண்டு. அதைச் சுருட்டிச் சுவர் இடுக்கிலோ கூரையிலோ செருகி வைப்பது வழக்கம். சேர்ந்ததும் சவுரி கட்டக் கொடுப்பார்கள், அல்லது தெருவில் வருபவரிடம் பாத்திரத்துக்கு மாற்றுவார்கள். 1960-களின் நடுவில் சீன முடியை வாங்க அமெரிக்கா தடை போட்டதும் பொய்முடி வணிகர்களின் பார்வை இந்தியா பக்கம் திரும்பியது. வேரும் நுனியும் மாறாமல் வரும் கோயில் காணிக்கை முடிக்கு விலை அதிகம். ‘சிக்குமுடி’ அதற்கு அடுத்த தரம். தென்னிந்தியத் தெருக்களில் திரட்டிய சிக்குமுடி மூட்டைகள் மேற்கு வங்கத்தின் முர்ஷிதாபாத் பக்கத்துக்கும் வங்கதேசத்துக்கும் மியான்மருக்கும் போகின்றன. அங்கே பெண்கள் தரையில் உட்கார்ந்து, ஊசியும் விரலும் கொண்டு இழை இழையாகச் சிக்கெடுக்கிறார்கள்.