பறந்த விமானமும் வராத ரொக்கமும்: கிங்ஃபிஷர் கணக்கேட்டை வாசித்தல்

கிங்ஃபிஷர் ஏர்லைன்ஸ் 2005 மே மாதத்தில் தன் முதல் பயணிகளை ஏற்றிச் சென்றது. 2012 அக்டோபரில் அதன் விமானங்கள் அனைத்தும் தரையில் நின்றன. பெங்களூரு விட்டல் மல்லையா சாலையிலுள்ள யூபி டவரைப் பதிவு அலுவலகமாகக் கொண்ட இந்நிறுவனம், இடைப்பட்ட ஏழாண்டுகளில் ஒரு நிதியாண்டில்கூட நிகர இலாபம் ஈட்டவில்லை. 2008-09இல் இழப்பு ஏறத்தாழ 1,609 கோடி ரூபாய். 2009-10இல் 1,647 கோடி. 2010-11இல் 1,027 கோடி. 2011-12இல் 2,328 கோடி. இதன் வீழ்ச்சி பற்றி எழுதப்பட்டவற்றுள் பெரும்பாலானவை உரிமையாளரின் ஆடம்பர வாழ்க்கையையும், அவர் 2016 மார்ச்சில் நாட்டைவிட்டு வெளியேறியதையுமே பேசுகின்றன. நிறுவன வரலாற்றை ஆராய்வோருக்கு அதைவிடப் பயனுள்ள வினா ஒன்று உண்டு. இலாபமே காணாத ஒரு நிறுவனம் ஏழாண்டுகள் எதைக்கொண்டு எரிபொருள் வாங்கியது, சம்பளம் கொடுத்தது, விமான வாடகை செலுத்தியது?

இவ்வினாவுக்கு இலாப நட்டக் கணக்கில் விடை கிடைக்காது. அது காட்டுவது ஈட்டியதையும் செலவானதையும். கைக்கு வந்ததையும் கையைவிட்டுப் போனதையும் அன்று. சிக்பேட்டையில் பட்டு மொத்த வணிகம் செய்யும் ஒருவர், எட்டு இலட்ச ரூபாயை ரொக்கமாகக் கொடுத்துச் சேலைகளை வாங்கி, மூன்று மாதத் தவணையில் பத்து இலட்சத்துக்கு ஒரு கடைக்காரருக்கு விற்கிறார் என்று வைத்துக்கொள்ளலாம். விற்ற நாளிலேயே அவருடைய ஏட்டில் இரண்டு இலட்சம் இலாபம் ஏறிவிடுகிறது. கல்லாவிலோ எட்டு இலட்சம் குறைவு. அந்த மூன்று மாதங்களுக்குள் கடை வாடகை, ஆட்கூலி, நெசவாளருக்குத் தரவேண்டிய முன்பணம் எல்லாம் வந்து நிற்கும். கடைக்காரர் நொடித்துப் போனால், இலாபம் என்று எழுதியது எழுத்தாகவே நின்றுவிடும். இலாபம் என்பது கணக்கரின் தீர்ப்பு, ரொக்கம் என்பது நிகழ்வு. அத்தீர்ப்பு நேர்மையானதாகவே இருக்கலாம். ஆயினும் இரண்டும் ஒன்றாகா.

சொல்லைப் பற்றி இடையில் ஒரு குறிப்பு. ஆங்கிலத்தில் சிறு செப்புக்காசைக் குறித்த பழைய ‘கேஷ்’ என்ற சொல் நம் ‘காசு’ என்பதிலிருந்து போர்த்துகீசியர் வழியாகச் சென்றது. இன்று கணக்கியலில் வழங்கும் ‘கேஷ்’ வேறு. பணப்பெட்டியைக் குறிக்கும் பிரெஞ்சுச் சொல்லிலிருந்து பிறந்தது அது. ஒலியால் ஒன்றுபட்ட இரண்டையும் ஒரே சொல்லாகக் காட்டும் பதிவுகள் அடிக்கடி உலவுகின்றன. தமிழ்க் கணக்கியலில் நிலைபெற்ற சொல் ‘ரொக்கம்’. வட கர்நாடகத்தில் பணத்தையே ‘ரொக்க’ என்றுதான் பேச்சுவழக்கில் சொல்கிறார்கள். கடனுக்கு எதிர்ச்சொல்லாகவும் ரொக்கம் நம்மிடம் வழங்குவதால், இங்கே பேசும் பொருளுக்கு அதுவே பொருத்தமானது.

இலாபத்துக்கும் ரொக்கத்துக்கும் இடையிலுள்ள இந்த இடைவெளி கணக்கியலுக்குப் புதிதன்று. வேல்ஸ் நாட்டின் டவ்லைஸ் இரும்பு நிறுவனம் 1863இல் இலாபம் கண்டும் புதிய ஊதுலை கட்டப் பணமின்றி நின்றதாகவும், காரணம் தேடிய மேலாளர் இரண்டு ஐந்தொகைகளை ஒப்பிட்டு, பணம் முழுவதும் சரக்கிருப்பில் முடங்கிக் கிடப்பதைக் கண்டறிந்ததாகவும் கணக்கியல் வரலாற்றில் சொல்வதுண்டு. பாடநூல்களில் நிலைத்துவிட்ட நிகழ்வு டபிள்யூ.டி. கிராண்ட் என்ற அமெரிக்கச் சில்லறை வணிக நிறுவனத்தின் வீழ்ச்சி. ஆயிரத்துக்கும் மேற்பட்ட கடைகளை நடத்திய அது 1975 அக்டோபரில் திவாலானது. அதற்கு ஈராண்டுகளுக்கு முன்புவரை அதன் பங்கு, பங்கொன்றின் ஆண்டு இலாபத்தைப்போல் இருபது மடங்கு விலைக்கு விற்றது. 1980இல் லார்கே, ஸ்டிக்னி என்ற இரு ஆய்வாளர்கள் அதன் பழைய அறிக்கைகளை மீண்டும் கணக்கிட்டனர். இலாபம் வந்துகொண்டிருந்த காலத்திலேயே பல ஆண்டுகளாக அதன் அன்றாட வணிகம் ரொக்கத்தை விழுங்கிக்கொண்டிருந்தது தெரியவந்தது. வாடிக்கையாளருக்குத் தாராளமாகக் கடன் கொடுத்து விற்றிருந்தார்கள்; விற்பனை ஏட்டில் வளர்ந்தது, வசூல் வளரவில்லை.

அந்த ஆய்வும் அதையொட்டிய விவாதங்களும் அமெரிக்காவில் 1987 நவம்பரில் ரொக்க ஓட்ட அறிக்கையைக் கட்டாயமாக்கும் தரநிலைக்கு இட்டுச் சென்றன. பன்னாட்டுத் தரநிலை 1992இல் திருத்தப்பட்டது. இந்தியாவில் 1995இல் செபி, பட்டியலிட்ட நிறுவனங்கள் இவ்வறிக்கையை வெளியிட வேண்டும் என்றது. பட்டயக் கணக்காளர் நிறுவனம் 1997 மார்ச்சில் தன் மூன்றாம் கணக்கியல் தரநிலையைத் திருத்தி வெளியிட்டது. கிங்ஃபிஷரின் ஆண்டறிக்கைகள் இந்தத் தரநிலையின்படி எழுதப்பட்டவை.

தரநிலை, ரொக்கத்தின் வரவையும் செலவையும் மூன்று வாய்க்கால்களாகப் பிரிக்கிறது. வணிகத்தை நடத்துவதால் வந்ததும் போனதும் முதலாவது. அதுவே செயல்பாட்டு ரொக்க ஓட்டம். நிலம், கட்டடம், இயந்திரம் போன்ற முதலீடுகள் இரண்டாவது. கடன், பங்கு மூலதனம் ஆகிய நிதி திரட்டல் மூன்றாவது. முதலாவதைக் கணக்கிடும் வழக்கமான முறை வரிக்கு முந்தைய இலாபத்திலிருந்து தொடங்குகிறது. தேய்மானம் போல ரொக்கம் வெளியேறாத செலவுகளைத் திரும்பக் கூட்டுவார்கள். வாடிக்கையாளரிடம் நிலுவை பெருகியிருந்தால் அந்தப் பெருக்கத்தைக் கழிப்பார்கள். சரக்கிருப்பு பெருகியிருந்தாலும் கழிப்பார்கள். நிறுவனம் பிறருக்குத் தரவேண்டிய நிலுவை பெருகியிருந்தால் கூட்டுவார்கள், ஏனெனில் கொடுக்காத பணம் இன்னும் கையில் இருக்கிறது. கடைசியில் செலுத்திய வருமான வரி கழியும். கொடுக்காத பணம் வரவுபோல் கூடும் இந்தப் படிநிலையில்தான் கிங்ஃபிஷரின் கதை இருக்கிறது.

அதற்கு முன் அதே நகரத்தின் இன்னொரு நிறுவனத்தைச் சற்றே பார்ப்பது நல்லது. 1981இல் புனேயில் தொடங்கி 1983இல் பெங்களூருவுக்கு இடம்பெயர்ந்த இன்ஃபோசிஸ், 1993இல் பங்கொன்று 95 ரூபாய்க்குப் பொதுமக்களிடம் சென்றது. 1999 மார்ச்சில் நாஸ்டாக்கில் பட்டியலிடப்பட்டது. மென்பொருள் பணியில் சரக்கிருப்பு இல்லை. பெருஞ்செலவு ஊழியர் ஊதியம். வெளிநாட்டு வாடிக்கையாளர் பட்டியல் பெற்றுச் சில வாரங்களில் பணம் அனுப்பிவிடுகிறார். நிலுவை எத்தனை நாளில் வசூலாகிறது என்பதை அந்நிறுவனம் காலாண்டுதோறும் வெளியிட்டுவருகிறது. இத்தகைய வணிகத்தில் இலாபமும் ரொக்கமும் அதிக தூரம் விலகுவதில்லை. எனவே அதன் கடனற்ற நிலையை நிர்வாகத்தின் ஒழுக்கம் என்று மட்டும் புகழ்வது பாதி உண்மையே. தொழிலின் இயல்பும் அதற்கு இடம் கொடுத்தது.

விமானத் தொழிலின் இயல்போ விந்தையானது. பயணி பறப்பதற்கு வாரக்கணக்கில் முன்பே பயணச்சீட்டுக்குப் பணம் கொடுத்துவிடுகிறார். எண்ணெய் நிறுவனங்கள் எரிபொருளைக் கடனுக்குத் தருகின்றன. விமான நிலையக் கட்டணமும் தவணையில் செல்கிறது. அதாவது நன்றாக ஓடும் விமான நிறுவனம், இலாபம் குறைவாயிருந்தாலும், பிறர் பணத்தைச் சில வாரங்கள் கையில் வைத்திருக்கும் வசதியுடையது. இந்த வசதி இருந்தும் ரொக்கத்துக்குத் தவிக்கும் நிறுவனம் ஆழமான நோயில் இருக்கிறது என்று பொருள். அந்த வசதி நம்பிக்கையின் மீது நிற்பது. நம்பிக்கை போனால் முன்பதிவு குறையும், எண்ணெய் நிறுவனம் அன்றன்றைக்கு ரொக்கம் கேட்கும். பல ஆண்டுகளாகச் சேர்ந்த நிலுவைகள் சில வாரங்களில் திரும்பக் கேட்கப்படும்.

கிங்ஃபிஷர் 2007இல் கேப்டன் கோபிநாத்தின் டெக்கான் ஏவியேஷனில் 26 விழுக்காட்டுப் பங்கை வாங்கியது. மறு ஆண்டு இரண்டும் ஒரே நிறுவனமாயின. மலிவுக் கட்டணத்தை இந்தியாவுக்கு அறிமுகப்படுத்திய டெக்கானும் அப்போது இழப்பில்தான் ஓடிக்கொண்டிருந்தது. இழப்போடு இழப்பு சேர்ந்த ஆண்டிலேயே, 2008இல், கச்சா எண்ணெய் விலை பீப்பாய் ஒன்றுக்கு 140 டாலரைக் கடந்தது. அந்த ஆண்டு செப்டம்பரில் பெங்களூரு–இலண்டன் சேவையும் தொடங்கப்பட்டது. விரிவாக்கத்துக்கு வேண்டிய பணம் பயணிகளிடமிருந்து வரவில்லை, வங்கிகளிடமிருந்து வந்தது. மூன்று வாய்க்கால்களில் முதலாவது வறண்டுகிடக்க, மூன்றாவது வயலை நனைத்துக்கொண்டிருந்தது.

இழப்பின் அளவைக் காட்டும் எண்ணிலும் ஒரு நுட்பம் இருக்கிறது. எதிர்காலத்தில் இலாபம் வரும், அப்போது இன்றைய இழப்பைக் காட்டி வரியைக் குறைத்துக்கொள்ளலாம் என்ற எதிர்பார்ப்பை இன்றே வரவாகப் பதியும் வழக்கம் உண்டு. ஒத்திவைத்த வரி என்று அதற்குப் பெயர். கிங்ஃபிஷரின் ஏட்டில் நிகர இழப்பைக் குறைத்துக் காட்டியதில் இப்பதிவுக்கும் பங்குண்டு. இலாபமே கண்டிராத நிறுவனம் வரப்போகும் இலாபத்தின்மீது சொத்து எழுதியது. செயல்பாட்டு ரொக்க ஓட்டத்தில் இந்தப் பதிவுக்கு இடமே கிடையாது. அது வரிக்கு முந்தைய எண்ணிலிருந்து தொடங்குவதால் எதிர்பார்ப்பு அதற்குள் நுழைய முடிவதில்லை.

2010-11இல் வங்கிகள் கடனைச் சீரமைத்தன. கடனின் ஒரு பகுதி பங்குகளாக மாற்றப்பட்டது. வங்கிகள் ஒரு பங்கை 64.48 ரூபாய் என்ற விலையில் பெற்றன. அது அப்போதைய சந்தை விலையைவிடக் கணிசமாக அதிகம். ஐந்தொகையில் கடன் குறைந்தது. ஆனால் ஒரு ரூபாய்கூடக் கைமாறவில்லை. அதனால் தரநிலையின்படி அந்த மாற்றத்துக்கு ரொக்க ஓட்ட அறிக்கையில் இடமில்லை. இரண்டு அறிக்கைகளையும் பக்கத்தில் வைத்துப் படித்தவருக்கு, நோயாளியின் எடை குறையவில்லை, தராசுதான் திருத்தப்பட்டது என்பது விளங்கியிருக்கும்.

பிறகு நிகழ்ந்தவை அனைத்தும் ‘கொடுக்க வேண்டியவை’ என்ற தலைப்பின்கீழ் வருபவை. ஊழியர் சம்பளத்தில் பிடித்த வருமான வரி அரசுக்குச் செலுத்தப்படவில்லை. பயணிகளிடம் வசூலித்த சேவை வரியும் நிலுவையில் நின்றது. எண்ணெய் நிறுவனங்களுக்கும் விமான நிலையங்களுக்கும் பாக்கி. இறுதியில் சம்பளமும் மாதக்கணக்கில் நின்றது. கணக்கியலின் கொடுமையான முரண் இங்கே தெரிகிறது. இவை ஒவ்வொன்றும், கொடுக்காமல் விட்ட ஆண்டில், செயல்பாட்டு ரொக்க ஓட்டத்தைக் கூட்டிக் காட்டுபவை. ஒரு பொறியாளரின் மூன்று மாதச் சம்பளம் அந்த அறிக்கையில் ‘நடப்புப் பொறுப்புகளின் உயர்வு’ என்ற வரியில் கூட்டல் குறியோடு கரைந்துவிடும். ரொக்கம் பொய் சொல்லாது என்று வணிகக் கல்லூரிகளில் ஒரு பேச்சு உண்டு. பொய் சொல்வதில்லைதான். ஆனால் யாருடைய ரொக்கம் என்பதை அது தானாகச் சொல்வதுமில்லை.

அதனால் அந்த எண்ணைத் தனியாகப் படிக்கக்கூடாது. உயர்வு வாடிக்கையாளர் கொடுத்த பணத்தால் வந்ததா, கொடுக்கவேண்டியவர்களை நிறுத்திவைத்ததால் வந்ததா என்று வரி வரியாகப் பார்க்கவேண்டும். வகைப்பாட்டையும் கவனிக்கவேண்டும். இந்தியத் தரநிலையில், நிதி நிறுவனமல்லாத ஒன்று செலுத்தும் வட்டி மூன்றாம் வாய்க்காலில் சேர்கிறது; அமெரிக்கத் தரநிலையில் அதே வட்டி முதல் வாய்க்காலில் கழிகிறது. ஆயிரக்கணக்கான கோடி கடன் சுமந்த நிறுவனத்தின் செயல்பாட்டு எண் இரு நாடுகளிலும் ஒன்றாக இராது. 2019 ஏப்ரலில் நடைமுறைக்கு வந்த குத்தகைத் தரநிலைக்குப் பிறகு விமானக் குத்தகைத் தொகையின் பெரும்பகுதியும் நிதி வாய்க்காலுக்கு நகர்ந்துவிட்டது. ஆகவே அதற்கு முந்தைய விமான நிறுவனம் ஒன்றையும் பிந்தைய ஒன்றையும் நேரடியாக ஒப்பிடும் ஆய்வுக் கட்டுரைகள் எச்சரிக்கையோடு படிக்கத்தக்கவை.

2011 நவம்பரில் கிங்ஃபிஷர் நாள்தோறும் பல பத்து விமானங்களை இரத்துசெய்யத் தொடங்கியது. முன்பதிவுப் பணம் வரும் வழி அடைபட்டது. திருப்பிக் கொடுக்கும் வழி திறந்தது. 2012 தொடக்கத்தில் ஐஏடிஏ அதைத் தன் தீர்வகத்திலிருந்து நிறுத்திவைத்தது. முகவர்கள் வழியாகச் சீட்டு விற்பதும் நின்றது. வரித்துறை வங்கிக் கணக்குகளை முடக்கியது. சம்பளம் கிடைக்காத பொறியாளர்களும் விமானிகளும் அக்டோபர் தொடக்கத்தில் வேலைக்கு வர மறுத்தனர். அம்மாதம் 20ஆம் நாள் உரிமம் இடைநிறுத்தப்பட்டது. பாரத ஸ்டேட் வங்கி தலைமையிலான வங்கிக் கூட்டமைப்புக்கு வட்டியோடு 9,000 கோடி ரூபாய் அளவுக்கு நிலுவை நின்றது. வங்கிகள் பிணையாகப் பெற்றவற்றுள் ‘கிங்ஃபிஷர்’ என்ற வணிகப் பெயரும் ஒன்று. ஆயிரக்கணக்கான கோடிக்கு மதிப்பிடப்பட்டிருந்த அந்தப் பெயரை ஏலத்தில் விட்டபோது கேட்பார் வரவில்லை.

2016 நவம்பரில் கர்நாடக உயர் நீதிமன்றம் நிறுவனத்தைக் கலைக்க உத்தரவிட்டது. மனு தாக்கல் செய்தது பெரிய வங்கி எதுவும் அன்று. ஏரோட்ரான் என்ற, விமான உதிரிபாகம் வழங்கிய பிரிட்டன் நிறுவனம். அதன் பட்டியலுக்குரிய பணம் கொடுக்கப்படாமலே இருந்தது.