கடலூர் இருளர்களும் மனநல சேவையும்: ஒரு வரலாற்றுப் பார்வை

2004 டிசம்பர் 26 அன்று ஆழிப்பேரலை கடலூர் மாவட்டக் கடற்கரையைத் தாக்கியது. தேவனாம்பட்டினம், சாமியார்பேட்டை, பிச்சாவரம் அருகிலுள்ள எம்.ஜி.ஆர். திட்டு போன்ற ஊர்கள் பெரும் இழப்பைச் சந்தித்தன. மாவட்டத்தில் மட்டும் 600க்கும் மேற்பட்டோர் உயிரிழந்தனர். இடிந்த வீடு, உடைந்த படகு, அறுந்த வலை ஆகியவற்றை அதிகாரிகள் கணக்கெடுத்தார்கள். மனத்தில் விழுந்த அடியைக் கணக்கெடுப்பது எப்படி? தமிழகக் கடற்கரையில் இந்தக் கேள்வி பெரிய அளவில் எழுந்தது அப்போதுதான் எனலாம்.

நிம்ஹான்ஸ் காட்டிய வழி

பெங்களூருவில் உள்ள நிம்ஹான்ஸ் நிறுவனத்துக்கு 1999 ஒடிசா புயலிலும் 2001 குஜராத் பூகம்பத்திலும் பணியாற்றிய அனுபவம் இருந்தது. பாதிக்கப்பட்ட எல்லோருக்கும் மனநல மருத்துவர் கிடைப்பது நடக்காத காரியம் என்பதை அந்நிறுவனம் உணர்ந்திருந்தது. எனவே ஊரிலேயே உள்ள ஆசிரியர், தொண்டர் போன்றவர்களுக்குச் சில நாட்கள் பயிற்சி கொடுத்து அனுப்பியது. துயரத்தை வாய்விட்டுச் சொல்ல விடுவது, குறுக்கிடாமல் கேட்பது, உறவுகளோடு மீண்டும் சேர்ப்பது, வேலையிலும் வழிபாட்டிலும் மனத்தைத் திருப்புவது ஆகியவையே அந்தப் பயிற்சியின் அடிப்படை. மருந்து தேவைப்படுபவர்கள் மட்டும் மருத்துவரிடம் அனுப்பப்பட்டனர்.

இது நல்ல முறைதான். ஆனால் ஊருக்குள் வரும் தொண்டர் யார் வீட்டுக் கதவைத் தட்டுவார்? ஊர்க் கணக்கில் பெயர் உள்ளவர் வீட்டைத்தானே!

கணக்கில் இல்லாதவர்கள்

சிதம்பரத்திலிருந்து சுமார் 15 கி.மீ. தொலைவில் உள்ள கிள்ளை, பிச்சாவரம் பகுதியில் இருளர் பழங்குடியினர் வாழ்கிறார்கள். பெரும்பாலோருக்குச் சொந்தப் படகு கிடையாது. கழிமுகத் தண்ணீரில் இறங்கி, சேற்றைக் கையால் தடவி இறால் பிடிப்பார்கள். பிடித்ததைப் போட்டு வைக்கும் ஓலைப் பறியைப் பல்லால் கடித்துக்கொண்டு நகர்வார்கள். மீன்பிடித்துப் பிழைத்தாலும் கடற்கரை மீனவர் ஊர்ப் பஞ்சாயத்துகளில் இவர்களுக்கு இடமில்லை. சுனாமி நிவாரணத்தின் தொடக்க நாட்களில் பட்டியல்கள் பெரும்பாலும் அந்தப் பஞ்சாயத்துகள் வழியாகவே தயாராயின. தலித் மக்களும் இருளர்களும் விடுபட்டுப் போனார்கள் என்ற புகார் பல இடங்களில் எழுந்தது.

இருளர்கள் ஒதுங்கி நின்றதற்கு அதைவிடப் பழைய காரணங்களும் உண்டு. பழங்குடி சாதிச் சான்றிதழ் கிடைக்காமல் பல குடும்பங்கள் ஆண்டுக்கணக்கில் அலைந்தன. செங்கல் சூளைகளிலும் அரிசி ஆலைகளிலும் கொத்தடிமைகளாகச் சிக்கியோர் பலர். எங்கே திருட்டு நடந்தாலும் இவர்கள் மீது பொய் வழக்கு போடப்படுவதை எதிர்த்து, திண்டிவனம் பேராசிரியர் கல்யாணி முன்னின்ற பழங்குடி இருளர் பாதுகாப்புச் சங்கம் தொடர்ந்து போராடியது. இந்த மாவட்டத்து இருளர்கள் தமிழ்தான் பேசுகிறார்கள். எனவே மொழி தடையல்ல. அரசு முத்திரையோடு வருபவரை நம்புவதுதான் கடினம்.

காடு சொல்லும் பாடம்

நம்பிக்கையைக் கட்டுவது எப்படி என்பதற்குப் பிச்சாவரத்திலேயே ஓர் உதாரணம் இருக்கிறது. அங்கே சதுப்பு நிலக் காடு அழிந்ததற்கு உள்ளூர் மக்கள் விறகு வெட்டுவதும் மாடு மேய்ப்பதும்தான் காரணம் என்று நெடுங்காலம் சொல்லப்பட்டது. 1990களில் எம்.எஸ்.சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனம் செய்த ஆய்வு வேறு உண்மையைக் காட்டியது. ஆங்கிலேயர் காலம் முதல் காட்டைப் பகுதி பகுதியாக மொத்தமாக வெட்டியதால் தரை தாழ்ந்து, உப்பு நீர் தேங்கியதே முக்கியக் காரணம். அதன்பின் வனத்துறை, ஆராய்ச்சி நிறுவனம், கிராம மக்கள் மூவரும் சேர்ந்து மீன் முள் வடிவில் வாய்க்கால் வெட்டிக் கன்று நட்டார்கள். காடு திரும்பியது. குற்றவாளியாகப் பார்க்கப்பட்டவர்கள் பங்காளிகளானதும் வேலை நடந்தது.

மருத்துவத்திலும் இதே கதை உண்டு. கடலூருக்கு ஏறக்குறைய ஒரே பெயருடைய நீலகிரிக் கூடலூரில், 1990ல் தொடங்கிய அஸ்வினி அமைப்பு ஆதிவாசிப் பெண்களையே செவிலியர்களாகவும் கிராம சுகாதாரப் பணியாளர்களாகவும் பயிற்றுவித்தது. ஆஸ்திரேலியாவில் 1971ல் சிட்னியின் ரெட்ஃபெர்ன் பகுதியில் பூர்வகுடி மக்கள் தாங்களே நடத்தும் மருத்துவ சேவையைத் தொடங்கினர். 1995ல் அந்நாட்டு அரசுக்காகத் தயாரான மனநல அறிக்கை ஒன்று, பூர்வகுடியினரின் மனநலத்தை அவர்களது நிலம், குடும்பம், பண்பாடு ஆகியவற்றிலிருந்து பிரித்துப் பார்க்கக் கூடாது என்றது.

இனி என்ன?

2017 மனநலப் பராமரிப்புச் சட்டம், பாகுபாடின்றிச் சிகிச்சை பெறுவதை ஒவ்வொருவரின் உரிமையாக்கியது. 2022 முதல் 14416 என்ற எண்ணில் இலவசத் தொலைபேசி ஆலோசனை கிடைக்கிறது. அண்ணாமலை நகரில் உள்ள மருத்துவக் கல்லூரி மருத்துவமனையும் இப்போது அரசு மருத்துவமனை. சட்டமும் எண்ணும் கட்டடமும் இருக்கின்றன. ஆனால் அன்றாடம் பிடித்த இறாலை விற்று அன்றாடம் அடுப்பெரிக்கும் ஒரு பெண், ஒரு நாள் வேலையை விட்டுவிட்டுச் சிதம்பரம் போய் "மனசு சரியில்லை" என்று சொல்வாரா? தன் குடியிருப்பிலேயே தன் இனத்துப் பெண் ஒருவர் பயிற்சி பெற்று உட்கார்ந்திருந்தால் அவரிடம் சொல்லக்கூடும். கன்னியம்மன் முன் சாமியாடிக் குறி கேட்கும் மக்களின் வழக்கத்தைக் கேலி செய்யாத மருத்துவர் வந்தால் அவரையும் நம்பக்கூடும்.

2011ல் தானே புயலும், 2015ல் பெருவெள்ளமும் இதே மாவட்டத்தைத் தாக்கின. அடுத்த புயலும் வரத்தான் செய்யும். அது வந்த பிறகு தொண்டர்களைத் தேடுவதைவிட, இன்றே சாதிச் சான்றிதழையும் பயிற்சியையும் சேர்த்துக் கொடுப்பது நல்லது. ஏனென்றால் பட்டியலில் பெயர் இல்லாதவரின் துயரத்தை யாரும் வந்து கேட்பதில்லை என்பதே 2004 கற்றுத்தந்த பாடம்.