கிரேக்கத் தொன்மத்தில் பேருருவர்: பகைவர் உருவாக்கமும் பண்பாட்டு மரபும்

முன்னுரை

கிரேக்கத் தொன்மத்தில் 'கிகாண்டெஸ்' எனப்படுவோர் நிலமகளாகிய கையாவின் மக்கள். ஒலிம்பசுத் தெய்வங்களை எதிர்த்துப் போரிட்டு வீழ்ந்தவர்கள். இக்கட்டுரையில் இவர்கள் பேருருவர் எனச் சுட்டப்படுகின்றனர். வென்றோர் தம் பகைவரைச் சித்திரிக்கும் தேவைக்கேற்ப இவர்களின் தோற்றமும் பொருளும் மாறி வந்தமையை இக்கட்டுரை ஆராய்கிறது.

படைவீரராகப் பேருருவர்

ஏறத்தாழ கி.மு. 700ஐச் சார்ந்த ஹெசியடின் 'தியோகனி', வானத்தெய்வமான யுரேனசின் குருதி நிலத்தில் சிந்தியதால் பேருருவர் பிறந்தனர் என்கிறது. அவர்கள் ஒளிரும் கவசம் பூண்டு நெடுவேல் ஏந்தியவர்கள். பாம்புக்கால் பற்றிய குறிப்பு அதில் இல்லை. டெல்பியிலுள்ள சிஃப்னோஸ் தீவினரின் கருவூலத்தின் (ஏறத்தாழ கி.மு. 525) வடபுறச் சிற்பவரிசையிலும் அவர்கள் தலைக்கவசமும் கேடயமும் உடைய காலாட்படையினராகவே காட்சியளிக்கின்றனர். தோற்ற அளவில் அவர்கள் கிரேக்கப் படைவீரரினின்று வேறுபட்டவர் அல்லர்.

அரசியல் குறியீடு

கி.மு. 480இல் பாரசீகர் ஏதென்ஸ் நகரை அழித்தனர். அதன்பின் எழுந்த பார்த்தெனோன் கோயிலின் கிழக்குச் சிற்பப் பலகைகளில் பேருருவர் போரும், பிற பக்கங்களில் அமேசான்கள், குதிரையுடல் கொண்ட கென்டாவர்கள், திராய் நகரத்தார் ஆகியோருடனான போர்களும் இடம்பெற்றன. இவற்றைப் பாரசீகர் மீதான வெற்றியின் உருவகமாக ஆய்வாளர் பலர் கருதுவர். பெர்கமோனை ஆண்ட அத்தாலசு மன்னர் ஏதென்சின் அக்ரோபொலிசில் அமைத்த சிற்பத் தொகுதி இக்கருத்துக்கு அரண் செய்கிறது. பேருருவர், அமேசான்கள், மாரத்தான் போர்க்களத்துப் பாரசீகர், மைசியாவில் தோற்ற கலாத்தியர் ஆகிய நால்வகைப் பகைவரும் அதில் ஒருங்கே இடம்பெற்றதைப் பௌசானியசு பதிவு செய்துள்ளார். தொன்மப் பகைவரும் வரலாற்றுப் பகைவரும் ஒரே வரிசையில் வைக்கப்பட்டமை இங்குக் கருதத்தக்கது.

பெர்கமோன் பலிபீடம்

கி.மு. இரண்டாம் நூற்றாண்டைச் சார்ந்த பெர்கமோன் பலிபீடத்தின் சிற்பவரிசை ஏறத்தாழ 113 மீட்டர் நீளமுடையது. 1878இல் கார்ல் ஹூமான் தொடங்கிய அகழாய்வில் வெளிப்பட்ட இச்சிற்பங்கள் பெர்லினில் உள்ளன. இங்குப் பேருருவர் பலர் பாம்புக்காலும் சிறகும் பெற்று, மனித இயல்பினின்று விலக்கப்பட்டுள்ளனர். எனினும், அத்தீனா ஒரு பேருருவனின் தலைமயிரைப் பற்றி இழுக்க, கையா நிலத்திலிருந்து மார்பளவு எழுந்து மகனுக்காக இரங்கி வேண்டுகிறாள். அவன் அல்கியோனியூசு எனப் பொதுவாக அடையாளம் காணப்படுகிறான். வெற்றியைப் போற்றும் சிற்பமே தோற்றவரின் துயரையும் பதிவு செய்துள்ளது.

பிற்கால மரபு

இத்தாலியின் மாந்துவா நகரில் கியூலியோ ரொமானோ 1530களில் தீட்டிய 'பேருருவர் மண்டபம்', கிளர்ந்தெழுந்தோர் மீது இடிந்து விழும் உலகைக் காட்டி, அதிகாரத்தின் பக்கம் நிற்கிறது. மாறாக, பீட்டர் வைசின் 'எதிர்ப்பின் அழகியல்' (1975–1981) என்னும் புதினம், நாசி ஆட்சிக்கால பெர்லினில் பெர்கமோன் சிற்பங்களின் முன் நிற்கும் இளைஞர்களுடன் தொடங்குகிறது. அவர்கள் வீழ்ந்த பேருருவரிடம் ஒடுக்கப்பட்ட உழைப்பாளரைக் காண்கின்றனர்.

முடிவுரை

படைவீரராகத் தோன்றிய பேருருவர், காலப்போக்கில் பாம்புக்கால் உயிரிகளாக உருமாறினர். இம்மாற்றம் பகைவரை மனிதரல்லாதவராக்கும் போக்கிற்குச் சான்றாகிறது. எனினும், கையாவின் முகத்தைச் செதுக்கிய உளி மாற்று வாசிப்புக்கும் இடமளித்துள்ளது. தோற்றவரின் பார்வையிலிருந்தும் இத்தொன்மம் பயிலப்பட வேண்டும் என்பது இதனால் பெறப்படுகிறது.