எடிட் என்று தட்டிய கை

இரண்டு வருஷத்துக்கு முன்னால் ஒரு பட்டனை நீக்கினேன். சிறு வியாபாரிகள் பில் போடப் பயன்படுத்தும் மென்பொருள் அது. திரையில் பட்டன்கள் மண்டிப்போய், புதிதாக வருகிறவர்கள் எங்கே தொடுவது என்று தெரியாமல் திணறுகிறார்கள் என்று புகார் வந்துகொண்டே இருந்தது. எதை யார் எத்தனை தடவை அழுத்துகிறார்கள் என்ற பதிவை எடுத்துப் பார்த்தேன். 'பழைய பில்லை அப்படியே நகலெடு' என்ற பட்டன் பட்டியலின் அடியில் கிடந்தது. மொத்தக் க்ளிக்குகளில் கண்ணுக்கே தெரியாத துளி. எடுத்துவிட்டோம். திரை சுத்தமானது. மீட்டிங்கில் பாராட்டுகூடக் கிடைத்தது.

மாசக் கடைசியில் சப்போர்ட்டுக்கு வந்த ஒரு போனை என்னிடம் திருப்பிவிட்டார்கள். வாடகைக் கடைகள் வைத்திருக்கும் ஒருவரிடம் கணக்கு எழுதும் பெரியவர். "தம்பி, நாப்பது கடைக்கு இன்னைக்கு வாடகை பில் போடணும். போன மாச பில்லைக் காப்பி எடுத்துத் தேதியை மட்டும் மாத்துவேன், அரை மணி நேரத்துல முடிஞ்சிரும். அந்தப் பட்டனைக் காணோமே, எங்க வெச்சிருக்கீங்க?"

எங்கேயும் வைக்கவில்லை என்று சொல்லக் கொஞ்ச நேரம் ஆனது.

அதற்கப்புறம்தான் எழுத்துமென்பொருள்களின் வரலாற்றைத் தேடிப் படிக்க ஆரம்பித்தேன். மென்பொருளில் வசதியைச் சேர்ப்பதா, எளிமையைக் காப்பதா என்ற சண்டை அங்கேதான் மிக நீளமாக நடந்திருக்கிறது. ஐம்பது வருஷக் கதை, ஒரே ஆட்கள் திரும்பத் திரும்ப வருகிறார்கள்.

கலிஃபோர்னியாவின் பாலோ ஆல்டோவில் ஜெராக்ஸ் கம்பெனி 1970-இல் ஓர் ஆராய்ச்சிக்கூடம் தொடங்கியது. பார்க் என்று பெயர். 1973-இல் அங்கே ஆல்டோ என்ற கணினி உருவானது. மவுஸ், படங்களைக் காட்டும் திரை எல்லாம் அதில் இருந்தன. அடுத்த வருஷம் பட்லர் லாம்ப்சனும், புடாபெஸ்டில் பிறந்து அமெரிக்கா வந்த சார்ல்ஸ் சிமோன்யியும் சேர்ந்து அதற்கு ப்ராவோ என்ற எடிட்டரை எழுதினார்கள். காகிதத்தில் எப்படி அச்சாகுமோ அப்படியே திரையிலும் தெரியும். அந்தக் காலத்தில் அது மாயாஜாலம்.

ஆனால் ப்ராவோவுக்குள் ஒரு பொறி இருந்தது. அது இரண்டு நிலைகளில் இயங்கும். ஒன்றில் நீங்கள் தட்டும் எழுத்து எழுத்தாகவே விழும். இன்னொன்றில் ஒவ்வொரு எழுத்தும் ஒரு கட்டளை. எந்த நிலையில் இருக்கிறோம் என்பதை மறந்தால் போச்சு. கட்டளை நிலையில் இருப்பது தெரியாமல் ஒருவர் 'எடிட்' என்ற ஆங்கிலச் சொல்லைத் தட்டுகிறார் என்று வையுங்கள். முதல் எழுத்து இ: எல்லாவற்றையும் தேர்ந்தெடு. அடுத்தது டெலீட்டின் டி: தேர்ந்தெடுத்ததை அழி. மூன்றாவது ஐ: இனி வருவதை உள்ளே எழுது. நான்காவது எழுத்து உள்ளே எழுதப்படும். ஆக மொத்த ஆவணமும் காணாமல் போய், அதன் இடத்தில் ஒற்றை எழுத்து நிற்கும். (தமிழில் எழுதும்போது இரண்டாவதும் நான்காவதும் ஒரே 'டி' ஆகிவிடுகின்றன, பொறுத்துக்கொள்ளுங்கள்.) கணினிக்காரர்கள் தலைமுறை தலைமுறையாகச் சொல்லிச் சிரிக்கும் கதை இது. எழுதியது தொலைந்த ஆளுக்குச் சிரிப்பு வந்திருக்காது.

சிரிக்காமல் இதை ஒரு பிரச்சினையாக எடுத்துக்கொண்டவர் லாரி டெஸ்லர். 1970-களின் நடுவில் பார்க்குக்கு ஒரு வேலை வந்தது. பாஸ்டன் பக்கம் ஜின் என்ற பாடநூல் பதிப்பகம், ஜெராக்ஸுக்குச் சொந்தமானது, தன் ஆசிரியர் குழுவுக்குக் கணினியில் ஒரு கருவி கேட்டது. பதிப்பகத்தின் சார்பில் வந்தவர் டிம் மாட். பார்க்கில் அப்போது இருந்தவற்றைப் பார்த்துவிட்டு, எங்கள் ஆட்களால் இதில் வேலை செய்ய முடியாது என்று முகத்துக்கு நேராகச் சொன்னவர்.

டெஸ்லரும் மாட்டும் செய்தது இன்று ரொம்பச் சாதாரணமாகத் தோன்றும். போய்ப் பார்த்தார்கள். ப்ரூஃப் திருத்துகிறவர்கள் காகிதத்தில் எப்படிக் கோடு போடுகிறார்கள், எப்படி ஒரு பத்தியைக் கத்தரித்து இன்னொரு இடத்தில் ஒட்டுகிறார்கள் என்று பக்கத்தில் உட்கார்ந்து கவனித்தார்கள். கணினி பழகாத ஒருவரை வெற்றுத் திரைக்கு முன்னால் உட்காரவைத்து, இந்தத் திருத்தத்தை இங்கே எப்படிச் செய்வீர்கள், கற்பனை பண்ணிச் சொல்லுங்கள் என்றும் கேட்டார்கள். அதிலிருந்து 1975-இல் பிறந்தது ஜிப்ஸி. ப்ராவோவின் மேல் கட்டியதுதான், ஆனால் நிலைகள் கிடையாது. எழுத்தைத் தட்டினால் எழுத்து விழும், எப்போதும். மவுஸை இழுத்துத் தேர்ந்தெடுக்கலாம். வெட்டு, நகலெடு, ஒட்டு என்று நாம் தினமும் நூறு தடவை செய்வது அங்கே உருவான பழக்கம்தான். பதிப்பக ஆட்கள் சில மணி நேரத்தில் கற்றுக்கொண்டார்கள். டெஸ்லர் பிற்காலத்தில் தன் காரின் நம்பர் ப்ளேட்டிலேயே 'நோ மோட்ஸ்' என்று போட்டுக்கொண்டார். 2020 பிப்ரவரியில் அவர் இறந்தபோது ட்விட்டரெல்லாம் கட்-காப்பி-பேஸ்ட் ஜோக்காக இருந்தது. ஜோக் சொன்னவர்களில் எத்தனை பேருக்கு அந்தப் பதிப்பகம் பற்றித் தெரியுமோ.

சிமோன்யி 1981-இல் மைக்ரோசாஃப்டுக்குப் போனார். அவரும் ரிச்சர்ட் ப்ராடியும் சேர்ந்து உருவாக்கிய வேர்ட் 1983-இல் வந்தது. வேடிக்கை பாருங்க, டாஸில் ஓடிய அந்த வேர்டில் மறுபடியும் நிலைகள். எஸ்கேப் கீயை அழுத்தினால் திரையின் அடியில் கட்டளை வரிசை உயிர்பெறும். எழுத்துக்குத் திரும்ப 'ஆல்ஃபா' என்பதைத் தேர்ந்தெடுக்கணும். அப்போதைய பிசியின் வசதிக்கு ஏற்ற சமரசம் அது.

1980-களின் பிற்பகுதியில் சந்தையை ஆண்டது வேர்ட்பெர்ஃபெக்ட். மெனு என்று எதுவும் கண்ணில் படாத நீலத் திரை. கீபோர்டின் மேல்வரிசையில் இருக்கும் ஃபங்ஷன் கீகளை ஷிஃப்ட், ஆல்ட், கண்ட்ரோலோடு சேர்த்தால் நாற்பது கட்டளைகள் கிடைக்கும். எது எதற்கு என்று கலர்கலராக அச்சிட்ட ஒரு அட்டையைக் கீபோர்டின் மேல் பொருத்திக்கொள்வார்கள். புதியவருக்கு நரகம். பழகிய வக்கீல் ஆபீஸ் டைப்பிஸ்டுக்கோ விரல்நுனியில் சொர்க்கம். இந்த இரண்டு பேரும் ஒரே மென்பொருளை ஒரே விலை கொடுத்து வாங்கியவர்கள் என்பதுதான் எங்கள் தொழிலின் தீராத தலைவலி.

அதோடு கணினிப் பத்திரிகைகள். ஒவ்வொரு வருஷமும் எல்லா எழுத்துமென்பொருள்களையும் வரிசையாக நிறுத்தி, பக்கம் பக்கமாக அட்டவணை போடுவார்கள். அடிக்குறிப்பு உண்டா? டிக். அகராதி உண்டா? டிக். கட்டம் காலியாக இருந்தால் விற்பனை அடிவாங்கும். பயன்படுத்த எளிதா என்பதற்கு டிக் போடும் கட்டம் இல்லை, இருந்தாலும் எல்லாரும் டிக் வாங்கியிருப்பார்கள். விளைவு என்ன? விண்டோஸில் வந்த முதல் வேர்டில் இரண்டு டூல்பார்கள். வேர்ட் 97-இல் 18. வேர்ட் 2003-இல் 31 டூல்பார்கள், பக்கவாட்டில் திறக்கும் பலகைகள் 19, கட்டளைகள் ஏறக்குறைய 1,500.

மைக்ரோசாஃப்டுக்கு இது தெரியாமல் இல்லை. ஆபீஸ் 97-இல் கண்ணை உருட்டும் பேப்பர் க்ளிப் வந்ததே இதற்காகத்தான். உள்ளே இருப்பதைத் தேடித்தரும் துணைவன் என்று நினைத்தார்கள், ஜனங்கள் அதை வெறுத்தார்கள். 2001-இல் மைக்ரோசாஃப்டே தன் விளம்பரத்தில் அதைக் கேலி செய்தது. இடையில் ஆபீஸ் 2000-இல் இன்னொரு யோசனை. நீங்கள் அடிக்கடி தொடாத மெனு வரிகள் தானாக மறைந்துகொள்ளும். காகிதத்தில் அழகான யோசனை, நானே இப்படி ஒன்றை முன்மொழிந்திருக்கிறேன். நடைமுறையில் நேற்று மூன்றாவது வரியில் இருந்தது இன்று முதல் வரியில் இருக்கும், இல்லாமலும் இருக்கும். கைக்கு ஒரு ஞாபகம் உண்டு. சமையலறையில் உப்பு டப்பாவை யாராவது தினமும் இடம் மாற்றி வைத்தால் எப்படி இருக்கும்? மெனு குட்டையானது, தேடும் நேரம் கூடியது.

வாடிக்கையாளர்கள் கேட்ட புது வசதிகளில் பெரும்பாலானவை ஏற்கனவே உள்ளே இருந்தன என்பது அந்தக் குழுவுக்கு மெல்லப் புரிந்தது. ஜூலி லார்சன்-க்ரீன் தலைமையில், ஜென்சன் ஹாரிஸ் போன்றவர்கள் அதுவரை இருந்த மெனு, டூல்பார் எல்லாவற்றையும் கலைத்துவிட்டு ஆபீஸ் 2007-க்காக ரிப்பனை வடிவமைத்தார்கள். இப்போது நாம் பார்க்கும் அந்தப் பட்டைதான். கையில் ஏராளமான தரவு இருந்தது. ஒப்புக்கொண்ட பயனர்களின் க்ளிக்குகளை எண்ணியிருந்தார்கள். வேர்ட் 2003-இல் மொத்தக் கட்டளைகளில் 11 சதவீதத்துக்கு மேல் பேஸ்ட் மட்டுமே. பேஸ்ட், சேவ், காப்பி, அண்டூ, போல்ட் ஆகிய ஐந்தும் சேர்ந்து சுமார் 32 சதவீதம்.

இந்த இடத்தில் என்னைப் போன்ற ஆள் என்ன செய்வான்? மீதியைத் தூக்கிவிடு என்பான். ஹாரிஸ் அதே தரவில் வேறொன்றையும் கவனித்தார். முதல் பத்துக் கட்டளைகளைத் தாண்டியதும் வரைகோடு தட்டையாகிவிடுகிறது. இதற்கு மேல் யாரும் தொடுவதில்லை என்று சொல்லி வெட்ட ஓர் இடம் கிடையாது. ஆகவே அவர்கள் அநேகமாக எதையும் நீக்கவில்லை, இடம் மாற்றி அடுக்கினார்கள்.

அதற்கே வசவு. பழைய மெனுவுக்குத் திரும்பும் வழியை வைக்கவில்லை. பல வருஷம் வேர்டில் ஊறியவர்கள் ஒரே இரவில் கற்றுக்குட்டி ஆனார்கள். பழைய மெனுவைத் திரும்பக் கொண்டுவரும் துணைமென்பொருள்களை வேறு கம்பெனிகள் காசுக்கு விற்றன. பழைய கட்டளை புதிய இடத்தில் எங்கே இருக்கிறது என்று காட்டும் வழிகாட்டியை மைக்ரோசாஃப்டே வெளியிட்டது. எனக்கு ரிப்பன் பிடிக்கும். ஆனால் அந்தக் கோபத்தை முட்டாள்தனம் என்று இப்போது சொல்லமாட்டேன். கையில் இருந்த திறமையை ஒருவரிடமிருந்து பறித்திருக்கிறார்கள், அவரிடம் கேட்கவும் இல்லை.

மைக்ரோசாஃப்டில் எக்செல் குழுவில் இருந்த ஜோயல் ஸ்போல்ஸ்கி 2001-இல் எழுதிய ஒரு கட்டுரையை நான் முன்னாலேயே படித்திருக்கவேண்டும். எண்பது சதவீதம் பேர் இருபது சதவீத வசதிகளைத்தான் பயன்படுத்துகிறார்கள் என்பது சரியாக இருக்கலாம், ஆனால் ஆளுக்கு ஆள் அந்த இருபது வேறு என்கிறார். மெலிந்த எழுத்துமென்பொருள் ஒன்றைச் செய்து பத்திரிகையாளரிடம் விமர்சனத்துக்குக் கொடுக்கிறோம். அவர் முதலில் தேடுவது சொற்களை எண்ணும் வசதியை. இத்தனை சொல் என்று கணக்கு வைத்துப் பிழைக்கிறவர் அவர். நம்முடைய மெலிந்த மென்பொருளில் அது இருக்காது.

டெஸ்லரும் பின்னாளில் ஆப்பிளில் இருந்தபோது இதையே வேறு பக்கத்திலிருந்து பார்த்தார். எந்த வேலைக்கும் குறைக்கவே முடியாத ஒரு சிக்கல் இருக்கும், அதை எழுதுகிற பொறியாளர் சுமக்கிறாரா, பயன்படுத்துகிறவர் சுமக்கிறாரா என்பதுதான் கேள்வி என்றார். திரை சுத்தமானது என்று நான் சந்தோஷப்பட்ட அன்று அந்தச் சிக்கல் ஒழியவில்லை. நாற்பது பில்லையும் முதலிலிருந்து தட்டும் வேலையாகப் பெரியவர் மேஜைக்குப் போய்ச் சேர்ந்தது. இந்தப் பக்கம் பார்த்தால், அந்தப் பட்டனைக் கண்டு மிரண்டுபோய் முதல் பில்லே போடாமல் மூடிவிட்டுப் போனவர்களும் உண்மைதான். அவர்கள் போன் பண்ணுவதில்லை, அவ்வளவுதான்.

ஆபீஸ் 2016-இல் ரிப்பனுக்கு மேலே ஒரு சின்னத் தேடல் பெட்டி வந்தது. என்ன செய்யணுமோ அதைத் தட்டினால் கட்டளை வந்து நிற்கும். கூகுள் 2006-இல் ரைட்லி என்ற எளிமையான எடிட்டரை வாங்கி கூகுள் டாக்ஸ் ஆக்கியது. அதுவும் வளர்ந்து வளர்ந்து, இன்று மெனுவுக்குள் தேடுவதற்கென்று ஒரு வசதி வைத்திருக்கிறது. கட்டளையைத் தட்டுவதில் தொடங்கி, மெனு, டூல்பார், ரிப்பன் என்று சுற்றி, மறுபடியும் தட்டுவதற்கே வந்திருக்கிறோம். இந்தத் தடவை 'எடிட்' என்று அடித்தால் ஆவணம் அழியாது.

பெரியவரிடம் அன்று மன்னிப்புக் கேட்டேன். "பரவாயில்ல தம்பி, இந்த மாசம் கையாலயே போட்டுக்கறேன். அடுத்த மாசத்துக்குள்ள வந்துருமா?" என்றார். இரண்டு வாரத்தில் பட்டனைத் திரும்ப வைத்தோம். முகப்பில் இல்லை, பில்லைத் திறந்த பிறகு வலது ஓரத்தில். நானே கூப்பிட்டு இடத்தைச் சொன்னேன். ஒரு காகிதத்தில் எழுதி ஒட்டிக்கொள்கிறேன் என்றார்.